ஏகமனதாக

ரங்கூனிலிருந்து என் மைத்துனன் எழுதிய கடிதத்தை முதலில் படித்தவள் என் மனைவி. குளத்தூர் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடிந்து நான் விராலிமலை வந்து சேர்ந்தபோது அவள் அடுப்புப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நம் மகன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே யாரோ ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான் என்றாள். "மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான், திரும்பி வர நாளாகும், கவலைப்பட வேண்டாம்." கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது.

தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு அனுப்பும் நாட்டிலிருந்து வந்த கடிதம் அது. ஜெயிலுக்கு நாம் சொல்லும் கேலிப் பெயர் பிரித்துப் படிக்கிறவனுக்குத் தெரியாது என்று என் மைத்துனன் நம்பியிருக்கிறான். அவன் அக்காளுக்கே அது சட்டென்று பிடிபடவில்லை. கல்யாணம் இல்லை என்று மட்டும் சொன்னேன். மீதியை அவள் என் முகத்திலேயே படித்துக்கொண்டாள். பிறகு, "கல்யாணமாவே இருந்திருக்கக் கூடாதா" என்றாள்.

என் மகன் பிறந்தது ரங்கூனில். நான் அப்போது அங்கே ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நடந்து வந்தவர்களில் நாங்களும் இருந்தோம். அதன் பிறகு நான் அந்தத் திசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டை முடிந்ததும் மைத்துனன் மட்டும் திரும்பிப் போய் ஜவுளிக் கடை வைத்தான். பையன் பள்ளி இறுதி முடித்த பிறகு மாமனிடம் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். போனவன் அங்கேயே காலேஜில் சேர்ந்தான். பர்மியம் பேசினால் உள்ளூர்க்காரன் என்றே நினைப்பார்கள் என்று மாமன் பெருமையாக எழுதுவான்.

கடைசியாக அவன் ஊருக்கு வந்தது அறுபத்திரண்டு தொடக்கத்தில், இங்கே பொதுத் தேர்தல் நடந்த சமயம். அவன் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேயும் இரண்டு வருஷம் முன்னால்தான் தேர்தல் நடந்தது, அதில் வென்றவர்கள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று தெரியவில்லை, பட்டாளத்துக்காரர்கள் ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்து ருசி கண்டுவிட்டார்கள் என்றான். அப்படியானால் படிப்பு முடிந்ததும் வந்துவிடு, நீ அங்கே வெளியாள் என்றேன்.

"நான் பொறந்தது எங்கேப்பா?" என்றான்.

"அதை நீ சொல்லக்கூடாது. அவங்க சொல்லணும்."

"சொல்ற வரைக்கும் இருந்து பாக்குறேன்."

அவன் கப்பலேறிச் சில நாட்களிலேயே பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த மழைக்காலத்தில் காலேஜ் வளாகத்திலேயே மாணவர்களைச் சுட்டார்கள். அவர்களுடைய சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவன் உயிரோடிருக்கிறான் என்று தந்தி வரும் வரை என் மனைவி தரையில் படுத்தபடி கிடந்தாள். அவன் வருவான் என்று நினைத்தோம். அவன் வரவில்லை. அடுத்த ஆண்டு அந்த மாமியார் வீட்டுக் கடிதம்தான் வந்தது.

அறுபத்து நாலில் அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ரங்கூனை நம்பியிருந்த வீடுகள் பல. ஒவ்வொரு கப்பலிலும் யாராவது வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். கழுத்தில் கிடந்ததையும் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். ஊரில் பேச்சு சூடேறியது. டில்லி என்ன செய்கிறது, நமக்குப் பட்டாளம் இல்லையா, கப்பல் இல்லையா என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அதை முன்னால் நின்று பேசியவர் சைக்கிள் கடைக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சீமை சமஸ்தானமாக இருந்த காலத்தில், ஜனங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி வேண்டும் என்று கோஷம் போட்டு, ராஜாங்கத்துப் போலீசிடம் அடி வாங்கியவர். இடது கை இன்னும் நேராக நீளாது. அவர் தம்பிகள் இருவரும் ரங்கூன் கடையை இழந்து வந்திருந்தார்கள். வாய்ச்சவடால்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த நாளில் அவர் விராலிமலைக் கடைத்தெருவில் பூந்தி வாங்கிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நானும் வாங்கித் தின்றேன். எங்களை யாரும் கேட்கவில்லை. டில்லியில் பேசினார்கள், ராஜா கையெழுத்துப் போட்டார், ஓர் அதிகாரி வந்து கஜானாச் சாவியை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்து ரப்பர் முத்திரையில் 'சமஸ்தானம்' என்ற சொல்லைத் தலைமையாசிரியர் பிளேடால் சீவி எடுத்தார். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. நாலு வருஷத்தில் ஓட்டுச்சாவடி வந்துவிட்டது. ஒரு ராஜாங்கம் போய் ஜனநாயகம் வருவதை எங்கள் சீமைக்காரர்கள் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதனால் எல்லா ஊரிலும் அது அப்படித்தான் நடக்கும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. வெளியிலிருந்து பெரிய கை ஒன்று வந்து சாவியைக் கேட்கும், உள்ளே இருப்பவன் கொடுத்துவிட்டுப் போவான்.

சைக்கிள் கடைக்காரர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். சந்தைத் திடலில் பொதுக்கூட்டம் போடப் போவதாகவும், டில்லி அரசாங்கம் பர்மாவில் தலையிட வேண்டும், தேவைப்பட்டால் படை அனுப்பவும் தயங்கக் கூடாது என்று தீர்மானம் போடப் போவதாகவும் சொன்னார். சிறையில் வாடும் மாணவனின் தகப்பன் என்ற முறையில் நான் தலைமை வகிக்க வேண்டும் என்றார்.

மாட்டேன் என்றேன். பிடித்துப்போன பையன்களை எல்லாம் அந்நியர் ஏவிவிட்டவர்கள் என்றுதான் அந்த ஜெனரல்கள் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நாம் இங்கிருந்து படையனுப்பு என்று கத்தினால் அதற்கு நாமே சாட்சி சொன்னதாகும் என்று விளக்கினேன். நம் ராஜா தானாகக் கையெழுத்துப் போட்டவர், இவர்கள் சொந்த ஊர்ப் பிள்ளைகளையே சுட்டவர்கள் என்றேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தன் வளைந்த கையைக் காட்டினார்.

"இதை ஒடிச்சப்ப நான் லாக்கப்புல கெடந்தேன். மெட்ராஸ் பேப்பர்ல எவனோ ரெண்டு வரி எழுதுனான். மறுநாள்லேர்ந்து அடி நின்னு போச்சு. வெளியே ஒருத்தனும் கேக்கலைன்னா உள்ளே இருக்கறவன் செத்தாக்கூட தெரியாதுங்க வாத்தியாரே. உங்களுக்கு அது தெரியாது."

  அவர் சொன்னது அவர் உடம்பில் நடந்தது. ஆனால் அவர் கிடந்த லாக்கப்புக்கு மேலே வெள்ளைக்காரனுக்குப் பயப்படும் ஒரு திவான் இருந்தார். என் மகன் கிடந்த இடத்துக்கு மேலே யார் இருந்தார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். கூட்டம் போடுங்கள், ஆனால் பையன் பெயரும் ஊர்ப் பெயரும் வாயில் வரக்கூடாது. சத்தியமாக வராது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நான் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று மனைவி சொன்னாள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. லாரிகள் நிற்கும் ஓரமாகப் போய் நின்றேன். நல்ல கூட்டம். சுற்று ஊர்களிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்திருந்தார்கள். புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய பெண்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். சைக்கிள் கடைக்காரர் நன்றாகப் பேசினார். நாற்பத்தெட்டைச் சொன்னார், பூந்தியைச் சொன்னார், டில்லி ஒரு வார்த்தை சொன்னதும் ராஜாங்கம் மூட்டை கட்டியதைச் சொன்னார். ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். கைதட்டல் ஏற ஏற அவர் குரலும் ஏறியது. ஓர் இடத்தில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டு, நம் மண்ணின் சிங்கக்குட்டி ஒன்று அங்கே இரும்புக் கம்பிக்குப் பின்னால் கர்ஜிக்கிறது என்றார். என் மகனின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். எந்தக் காலேஜ் என்பதையும் சொன்னார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கைதட்டலில் அவருக்கு என் முகமே மறந்து போயிருக்கும்.

தீர்மானத்தைப் படித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் திடல் முழுக்கக் கைகள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று வழக்கத்துக்காகக் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற ஓர் ஆள், இறக்குங்க சார் என்று மெல்லச் சொன்னார். மைக்கில் யாரோ, வாத்தியார் ஏதோ சொல்ல வருகிறார், வழி விடுங்கள் என்றார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"தலையிடணும்னு சொல்றீங்க. அங்கிட்டு இருக்கறது என் மகன் தலைங்க."

எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. பெற்ற மனம், விடுங்க சார் என்று ஒருவர் என் தோளை அழுத்தினார். தைரியமில்லாதவனுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சிரித்தார்கள். அதற்குள் நன்றியுரை ஆரம்பமாகிவிட்டது.

அந்த வாரமே தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. என் மகனின் பெயர் இருந்தது, படையனுப்பக் கோரியது இருந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று முடித்திருந்தார்கள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். பெயரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். ஆனால் ஏகமனதாக என்ற சொல்லைக் காட்டியபோது அவருக்கு நான் சொல்ல வந்ததே புரியவில்லை.

"ஒத்தக் கையை எல்லாம் எழுதுறது இல்லீங்களே. தீர்மானம்னா ஏகமனதான்னுதான் போடுவாங்க. எங்கயும் அதான் வழக்கம்."

நான் பத்திரிகையை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒரு கையை எண்ணாமல் விடுவதுதான் எங்கள் ஊர் ஜனநாயகம் என்றால், அதற்காகவா என் பிள்ளை அங்கே கிடக்கிறான் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சண்டை போட்டேன். கிடக்கிறவன் அவன்தான், நான் இல்லை என்பதும் கூடவே வந்தது.

அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மைத்துனன் தன் கடை போன பிறகும் கப்பலேறவில்லை. அக்கா பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே யார் வீட்டுத் திண்ணையிலோ ஒண்டிக்கிடந்தான். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். கையில் துணிப்பை. எங்கள் இருவர் கண்ணும் அவனுக்குப் பின்னால் போனது. பின்னால் யாரும் இல்லை.

"உசுரோடதான் இருக்கான். வெளிய விட்டுட்டாங்க," என்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அறுபத்து நாலிலேயே விட்டுவிடுவதாக இருந்தார்களாம், கூடப் பிடிபட்ட பர்மிய நண்பர்களின் குடும்பங்கள் இவனுக்கும் சேர்த்து ஜாமீன் ஏற்பாடு செய்திருந்தனவாம். அப்போதுதான் ஓர் அதிகாரி ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டை மேஜை மேல் வைத்து, உன் சொந்த ஊர் எங்கள் மேல் படையெடுக்கச் சொல்கிறது, ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போதும் நீ உள்ளூர்க்காரனா என்று கேட்டானாம். நண்பர்கள் வெளியே போனார்கள். இவன் மட்டும் உள்ளே இருந்தான்.

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது மச்சான். அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு கெடைச்சுக்கிட்டேதான் இருக்கும்," என்றான் மைத்துனன்.

ஏன் கூட்டிவரவில்லை என்று என் மனைவி கேட்டாள். கெஞ்சினேன் அக்கா என்றான். இப்போது என் மகன் ரங்கூனில் ஒரு சந்தையில் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் செருப்புத் தைத்து விற்கிறானாம். முன்பல் இரண்டு இல்லையாம். கப்பலேறினால் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும், பார்த்தாயா, அந்நியன்தான், ஓடிவிட்டான் என்று அடுத்த பையனைப் பிடிக்கும்போது என்னைக் காட்டுவார்கள் என்றானாம். இந்த ஆட்சி எப்போது போகும் என்று மாமன் கேட்டதற்கு, நம் காலத்தில் இல்லை, ஆனால் போகும்போது உள்ளே இருப்பவர்களால்தான் போகும் என்றானாம்.

எனக்குக் கேட்க ஒன்று இருந்தது. அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்றேன். மைத்துனன் துணிப்பையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்.

"'அப்பாவுமா?'ன்னு கேட்டான். நான் கூட்டத்துல இல்லையே. எனக்கு என்ன தெரியும்?"

நான் கை தூக்கியதை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அன்றே ரங்கூனுக்கு எழுத உட்கார்ந்தேன். நான் எதிர்த்தேன், நான் ஒருவன் எதிர்த்தேன் என்று நாலு வரி எழுதியும் விட்டேன். எதை எப்படி மறைத்து எழுதினாலும் கூட்டம், தீர்மானம், படை என்ற பேச்சு அதில் வந்தே தீரும். பிரித்துப் படிக்கிறவன் அவனை மறுபடி கூப்பிடுவான். மாமியார் வீடு போல இதற்கு ஒரு மறைசொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் மனைவி வந்து பின்னால் நின்று படித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான் எதற்காகத் துடிக்கிறேன் என்பதும் தெரியும். காகிதத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சா நெனச்சுட்டுப் போறான். உசுரோட இருந்து நெனக்கட்டும்."

வேறொரு தாளில், இங்கே நல்ல மழை, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதிப் போட்டேன். அதன் பிறகு எழுதிய கடிதங்களும் அப்படிப்பட்டவைதான். அவனிடமிருந்து பதில் வருகிறது. வெயில், மழை, விலைவாசி. என்னை மட்டும் தனியாக விசாரித்து ஒரு வரி இதுவரை வரவில்லை.