நாகூர் கனியின் கடைசி வார்த்தை

சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டிய நம்மவர்களுக்கு அப்போது தலைவர் நாகூர் கனி. அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபை. அதில் அப்துல் அஜீஸ் தனி ரகம். தலைவர் தும்மினால் இவர் துண்டை நீட்டுவார். ‘நானா, நானா’ என்று சொந்த அண்ணனைப்போல் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே அலைவார். கேலி செய்தால் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். விசுவாசம் உண்மையானதுதான். அதனால்தான் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

1911இல், சரக்குத் திருடியதற்காகத் தலைவர் விலக்கிவைத்த ஒருவன், படித்துறையில் வைத்து அவர் வயிற்றில் கத்தியை இறக்கிவிட்டான். கிராஸ் தெரு வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அஜீஸ் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே, இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார். தலைவரும் திக்கித் திணறி முழுதாகச் சொல்லி முடித்தார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். உயிர் பிரிகிறவர் கலிமா சொல்லிவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அதுவே கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். வேறு ஏதாவது பேசிவிட்டால் திரும்பவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எத்தனை மவுத்து நேரங்களில், சாகிறவர் தலைமாட்டில், இதே அஜீஸ் மற்றவர்களை அதட்டியிருக்கிறார்!

வாசலில், அடுத்த தலைவர் யார் என்ற முணுமுணுப்பு கேட்டது. அஜீஸ் குனிந்தார்.

“நானா, உங்களுக்கப்புறம் யாரு?”

தலைவர் கண்ணைத் திறந்தார். “நீதான்” என்றார். அஜீஸ் பதறிப்போய் மறுபடி கலிமாவை ஆரம்பிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

திரைக்குப் பின்னால் தலைவரின் மனைவி பதுருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். என் மாமியார். கோபம் வந்தால் மட்டுமே இந்தக் கதையைச் சொல்வார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் கூடினார்கள். “கடைசியா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார்கள்.

“கலிமாதான்” என்றார் அஜீஸ். தலைவர் தன்னை நியமித்ததைச் சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் எப்போது சொன்னார் என்று கேட்பார்களே! தலையைக் குனிந்துகொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “முதல்ல அஜீஸ் தம்பிதான் தலைவர்னு சொன்னாங்க. அப்புறம் கலிமா சொன்னாங்க.”

கூட்டம் அஜீஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் போனபின் அவர் திரை அருகே போய், “மன்னிச்சிருங்க” என்றார்.

“அவங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னு மாத்திச் சொன்னேன். உங்களுக்காக இல்ல. ஆசைப்பட்டுக் கேட்டீங்க, கிடைச்சிருச்சு. வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டார், பாவி. பதவியை விட்டால் காரணம் கேட்பார்களே. தோணிக்காரர் யாராவது சாகக்கிடந்தால், தலைவர் வந்து கலிமா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆளனுப்புவார்கள். அஜீஸ் போவார், ஆனால் வாசற்படி தாண்டமாட்டார்; ‘எனக்கு அந்தத் தகுதி இல்லை’ என்று வேறு யாரையாவது உள்ளே அனுப்புவார். அதைப் பணிவு என்று நினைத்து எல்லாரும் புகழ்ந்தார்கள். அவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசும். அப்படியே கேட்டுக்கொண்டு நிற்பார்.