அம்மாக்கண்ணு சிரித்தால் என்ன?

அம்மாக்கண்ணுவின் வாய் சும்மா இருக்காது. கை புளியை உரிக்கும், வாய் யாரையாவது உரிக்கும். இதை அவளுடைய குறையாகச் சொல்கிறவர்கள் மலையில் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் புளிக் கொட்டகையில் காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்து எழுந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ரோட்டோரம் இருக்கிற தகரக் கூரை அது. மாசியிலிருந்து வைகாசி வரை முப்பது பெண்கள் அங்கே வேலை செய்வார்கள். ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கீறிக் கொட்டையை எடுக்க வேண்டும். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், புளி பட்டு உயிர் போகும். மதியச் சோற்றுக்குப் பிறகு கூரையின் சூடும் தூக்கமும் சேர்ந்து ஆளைச் சாய்க்கும். சாயாமல் பிடித்து வைத்திருந்தது அம்மாக்கண்ணுவின் வாய்தான்.

அவளும் அப்படிப் பிறந்தவள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ரங்கன் ஏறிவந்த லோடு வண்டி, ஒடுகத்தூர் பக்கத்து வளைவில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அத்தை வீட்டில் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு வடிவு ஒருநாள் வந்து, கேட்டுக்கொண்டெல்லாம் இருக்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் உட்கார வைத்தாள்.

மூன்றாம் நாள் வடிவு தன் ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு ரேஷன் கார்டை மென்று தின்றுவிட்டதாம். இவள் ஆட்டையே கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், கார்டு இதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது, சரிபார்த்துவிட்டு அரிசியைப் போடுங்கள் என்றாளாம். அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே திக்கென்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சிரிக்கலாமா என்று யாராவது கேட்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அன்று மாலை அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் இரண்டும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதனால் அவளுக்குச் சிரிப்பு என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதில் யாராவது கைவைத்தால் விடமாட்டாள்.

கைவைத்தவர் ராஜ்குமார். திருப்பத்தூர்க்காரர், இந்தப் பருவத்துக்குத்தான் மேனேஜராக வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீர் கேன் வைத்தார், ஃபேன் போட்டார். கூடவே கேமராவும் போட்டார். ஒரு வாரம் கழித்து அதைத் தன் ஃபோனில் பார்த்தபோது அவருக்கு முப்பது பேரின் பற்கள் தெரிந்தன. பல் தெரிந்தால் வேலை நடக்கவில்லை என்பது அவர் கணக்கு. மறுநாள் சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. வேலை நேரத்தில் பேசவோ சிரிக்கவோ கூடாது, மீறினால் மறுநாள் வேலை கிடையாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அம்மாக்கண்ணு அதைப் படித்துவிட்டுக் கோபத்தோடு வடிவைப் பார்த்தாள். வடிவு வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். முப்பது வீட்டு அடுப்பு அந்தக் கொட்டகையை நம்பி எரிந்தது. சரி, இருந்து பார்ப்போம் என்று அம்மாக்கண்ணு வாயை மூடிக்கொண்டாள். அந்த மனிதர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள்.

முதல் நாளே மூன்று பேர் தூங்கி விழுந்தார்கள். ஒருத்தி விரலில் தட்டிக்கொண்டாள். ஆனால் பெரிய கேடு வேறு இடத்தில் இருந்தது. அது கேமராவில் தெரியாது.

உரித்த புளியில் கொட்டை தங்கிவிட்டால் அதைப் பிடிப்பதற்கு அம்மாக்கண்ணுவிடம் ஒரு வழி இருந்தது. கொட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருவிழா மைக்கில் பேசுகிறவன் குரலில் அறிவிப்பாள். கருப்புச் சட்டை போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது, பெற்றவர்கள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். கொட்டையை விட்டவளும் சிரித்துக்கொண்டே எழுந்துவந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போவாள். அன்று முழுக்க அவள் குவியலில் இன்னொரு கொட்டை இருக்காது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, சரக்கும் சுத்தம்.

நோட்டீஸ் ஒட்டிய நாலாம் நாள் கீதாஞ்சலியின் குவியலில் நாலு கொட்டை கிடந்தது. அவள் கைக்குழந்தைக்காரி, இரவு தூக்கம் இல்லாதவள். அம்மாக்கண்ணு அவள் பக்கம் குனிந்து, கொட்டை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதே நேரம் ராஜ்குமார் வாசலில் நின்று என்ன என்று கேட்டார். கீதாஞ்சலியின் முகம் சுண்டிப்போனது. மேனேஜர் முன்னால் காட்டிக்கொடுக்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள். உன் வேலையைப் பார் அக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாருடைய குவியலில் எது கிடந்தாலும் யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நாள் கொட்டகை அப்படி அமைதியாக இருந்தது. ராஜ்குமாருக்கு அதில் பெருமை வேறு.

பதினான்காம் நாள் காலை மக்பூல் பாயின் கார் வந்து நின்றது. கொட்டகை அவருடையது. வாணியம்பாடியிலிருந்து மலையேறி வருவதென்றால் விஷயம் இல்லாமல் வரமாட்டார். பின்னாலேயே ஒரு வண்டி நிறைய மூட்டைகள் வந்தன. எல்லாம் ஊறுகாய் கம்பெனி திருப்பி அனுப்பிய புளி. கொட்டை சிக்கி அவர்களுடைய அரவை மிஷின் பிளேடு உடைந்ததாம்.

ராஜ்குமார் முந்திக்கொண்டார். பெண்களுக்குப் பொறுப்பில்லை, எல்லாவற்றுக்கும் தலைவி இந்த அம்மாக்கண்ணு, இவள்தான் எல்லோரையும் கெடுத்து வைத்திருக்கிறாள் என்றார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். வேலை நேரத்தில் சிரிக்கமாட்டேன், பிறரைச் சிரிக்க வைக்கவும் மாட்டேன், இதுவரை செய்ததற்கு மன்னிக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அம்மாக்கண்ணுவுக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. பிள்ளைகளின் முகம் கண்முன் வந்து போனது. பேனாவை வாங்கினாள், மூடியைப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் இன்னா திருடுனேனா சார், மன்னிப்பு கேக்க? சிரிச்சதுக்கெல்லாம் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள்.

பிறகு மக்பூல் பாயின் பக்கம் திரும்பினாள். "பாய், அந்த மூட்டைல தேதி போட்டிருக்கும், பாருங்க. எல்லாம் இந்த நோட்டீஸ் ஒட்டுன பின்னால போட்ட மூட்டை. அந்தப் பத்து நாளும் இவரு சொன்னபடி ஒருத்தியும் பல்லக் காட்டல. சந்தேகம்னா கேமராவப் போட்டுப் பாருங்க."

பாய் அவசரப்படாத மனிதர். மூட்டைகளின் தேதியைப் பார்த்தார். ராஜ்குமாரின் ஃபோனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பத்து நாள் படத்தில் முப்பது பேரும் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நோட்டீஸுக்கு முந்திய வாரத்தைப் போடச் சொன்னார். அதில் வாயெல்லாம் பல். ஆனால் அவர் வியாபாரி, வாயைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். ஒரு கையும் நிற்கவில்லை.

அப்போது கீதாஞ்சலி எழுந்தாள். கொட்டை இருந்தது என் குவியலில்தான், அக்கா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றாள். சொல்லும்போதே அழுதாள். வடிவும் எழுந்து, என்னுடையதிலும் இருந்தது என்றாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தான் தனியாள் இல்லை என்பது அம்மாக்கண்ணுவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மக்பூல் பாய் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரில் இருப்பதை எடுத்துவிடுங்கள் என்று ராஜ்குமாரிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் இளகி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா, நானும் நேர்ல பாக்கறேன். கொஞ்சம் சிரிச்சிக்கினே வேலை செஞ்சி காட்டுங்க" என்றார்.

நல்ல மனதோடுதான் கேட்டார். ராஜ்குமாரும், ஆமாம், இப்போது சிரிக்கலாம் என்று தலையாட்டினார். எல்லோரும் அம்மாக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பழத்தை எடுத்து ஓட்டைத் தட்டினாள். "சிரிக்காதன்னாலும் நீங்க, சிரின்னாலும் நீங்கதானா? காட்டறதுக்கெல்லாம் சிரிப்பு வராது பாய். நீங்க போய்ட்டு வாங்க, நாங்க சிரிச்சிக்கறோம்."

முப்பது பேரும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு புளி உடைத்தார்கள். பாய் கொஞ்ச நேரம் பார்த்தார், மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார், எழுந்து காருக்குப் போனார். ராஜ்குமார் சுவரிலிருந்து நோட்டீஸைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு, அவரை வழியனுப்ப வாசல்வரை ஓடினார்.

முதலில் வடிவின் தோள் குலுங்கியது. கீதாஞ்சலி அழுத கண்ணோடு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கார் முதல் வளைவைக்கூடத் தாண்டியிருக்காது, தகரக் கூரை அதிர்கிற மாதிரி சிரிப்பு கிளம்பியது. வாசலில் ராஜ்குமார் சுருட்டிய காகிதத்தோடு நின்றார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்களைப் பார்த்துத்தான் என்று அம்மாக்கண்ணு அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாள்.