நந்தியின் முதுகை வரைந்த ஞாயிறு

பட்டாபிராமில் எனக்கு இது நான்காவது வருடம். இன்றைக்கும் கடைக்குப் போனால், யோசிக்காமல் வாய் திறந்தால், "ஒரு பாண் தாங்கோ" என்றுதான் வருகிறது. கடைக்காரர் அடுத்த சந்தில் உள்ள பீடாக் கடையைக் கை காட்டுகிறார். "பிரெட்" என்று திருத்திச் சொன்னதும் எடுத்துத் தருகிறார். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். முதல் வருடம் எனக்கும் வந்தது. இப்போது கடைக்குப் போகுமுன் படிக்கட்டில் நின்று அந்தச் சொல்லை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், பருத்தித்துறையில் நான் சித்திர ஆசிரியையாக இருந்தேன். கணவர் சுதன் கனடாவில் இருக்கிறார். அவரால் ஊருக்கு வரமுடியாது என்பதால் கல்யாணம் சென்னையில் நடந்தது. என்னை அழைக்கும் விண்ணப்பத்தையும் இந்த முகவரியிலிருந்தே போட்டோம். ஆறு மாதம் என்றார்கள். ஊருக்குத் திரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும் என்றும் சொன்னார்கள். அதனால் போகவுமில்லை, இங்கே வேலை தேட அனுமதியுமில்லை. காலையில் எழுந்ததும் தொலைபேசியில் விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். மொட்டைமாடி அறையின் தகரக் கூரை சூடாகத் தொடங்கும். அடுத்த காலை வரை எனக்கு வேறு வேலை கிடையாது.

கீழ்வீட்டு மல்லிகாதான் அந்த அறையின் சொந்தக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுடைய அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்கு வந்தவள் என் வாசலில் நின்றாள்.

"இன்னா டீச்சர், எந்நேரமும் ஊட்டுக்குள்ளயே அடஞ்சிகினு கீறீங்க? நம்ம பக்கத்துல பாக்க எடமா இல்ல? முல்லவாயில் கோயிலுக்குப் போறேன். நோட்டு, பென்சில் எட்த்துகினு வாங்க."

மின்சார ரயிலில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருமுல்லைவாயில் போனோம். மல்லிகாதான் கதை சொன்னாள். தொண்டைமான் என்ற ராஜாவின் யானை இந்தக் காட்டில் முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றுவிட்டதாம். அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்ததாம். எல்லோரும் லிங்கத்துக்காக இரங்கும் கதை அது. எனக்கு யானைமேல்தான் மனம் போயிற்று. இழுத்தால் இன்னும் இறுகும் கொடிக்குள் அது எவ்வளவு நேரம் நின்றதோ. ராஜாவுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டதால் இங்கே நந்தி சாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்துப் படுத்திருக்கிறது. நான் வேறெங்கும் பார்க்காத காட்சி. மல்லிகா விளக்கேற்றப் போனாள். ஓரமாக உட்கார்ந்து அந்த முதுகை வரையத் தொடங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு கை தானாக ஓடியது.

நிழல் தீட்டிக்கொண்டிருந்தபோது கும்பிட வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, செலைய அளவு எடுக்குறியா?"

"இல்லை அண்ணை, வடிவாப் பாத்துக் கீறுறன்."

எங்கள் ஊரில் கீறுவது என்றால் வரைவது. அவருக்கு அது சிலையில் கோடு இழுப்பதாகக் கேட்டது. "செலைய கீறுதாம்பா!" என்று குரல் உயர்த்தினார். நாலைந்து பேர் கூடினார்கள். "எந்த ஊரு நீ? ஆதார் கீதா?" என்றார். என் பையில் இருந்தது வேறு நாட்டுக் கடவுச்சீட்டு. ஒரு புகார் எழுதப்பட்டால் போதும், நாளைக்குக் கனடா விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது எல்லாம் நின்றுவிடும்.

பத்து வயதில், யுத்த காலத்தில், பருத்தித்துறை வெளிச்சவீட்டை, இங்கே சொல்லும் கலங்கரை விளக்கத்தை, கொப்பியில் வரைந்திருந்தேன். அப்பா பார்த்தார். ராணுவம் கண்டால் வேவு பார்த்ததாகச் சொல்லும் என்று அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். இப்போது கோயிலில் நின்றபடி என் கையும் அதையே செய்தது. நந்தி இருந்த தாளை மேலிருந்து கிழிக்கத் தொடங்கினேன்.

"ஏய், இன்னாத்துக்கு கிழிக்கிறீங்க?" ஓடிவந்த மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு அந்த மனிதரிடம் திரும்பினாள். "இது எங்க ஊட்டுப் பொண்ணு. பட்டாபிராம். ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சரு. நீ இன்னாமோ திருடியப் புட்ச்சா மாதிரி கத்தினு கீற?"

அவர் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அட, நந்தி அப்டியே கீதே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பட்டாபிராமா நீ?" என்று கேட்டார்.

எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "ஆமாண்ணா. அங்கதான் கீறோம்" என்றேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அவர் சிரித்துக்கொண்டே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. தப்பித்த நிம்மதியைவிட, அவ்வளவு சுலபமாக அது என் வாயில் வந்ததுதான் திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்தியது. ரயிலில் நான் அழுதேன். மல்லிகா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து கிழிசலைப் பின்பக்கமாக ஒட்டிப் படத்தை முடித்தேன். மல்லிகா அதைத் தன் கூடத்தில் மாட்டவேண்டும் என்றாள். "பேர் போடுங்க டீச்சர்." போட்டேன். ஊரில் நாங்கள் பெயருக்குக் கீழே ஊரையும் எழுதுவோம். பென்சில் அங்கேயே நின்றது. அவள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி, கொட்டை எழுத்தில் 'பட்டாபிராம்' என்று எழுதினாள்.

இன்னும் பரிசீலனைதான் நடக்கிறது. படம் கீழே மாட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அனுப்புவதற்காக அதைப் படம் பிடித்தபோது, மல்லிகா சமையலறையில் இருந்தாள். நான் ஊர்ப்பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன். பருத்தித்துறையில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நீண்ட நேரம் பார்த்திருக்கிறார். தொலைபேசியில் பேசியபோது நந்தியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "விரல் நல்லா மெலிஞ்சு போச்சு, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.