அவர் பக்கத்து இடம்

காது கேளாதவர்கள் படித்துக்கொண்டே படம் பார்க்கும்படி, பேச்சு, இருமல், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் திரையின் அடியில் எழுத்தாக்குவது அவள் வேலை. நாளெல்லாம் ஹெட்போனும் காதுமாக இருப்பாள்.

வீட்டில் கணினி ஒன்று, அதற்குள் குடித்தனம் இரண்டு. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, விண்டோஸ் ஓடும் பக்கம் கணவருக்கு, லினக்ஸ் ஓடும் பக்கம் அவளுக்கு. "அலமாரியில எனக்கு முக்கால், இதுல அவருக்கு முக்கால். சரியாப் போச்சு" என்பாள். போன மழைக்காலத்தில் அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதன் பிறகு அவர் பக்கத்தை அவள் திறக்கவில்லை.

இன்று காலை, பாதிப் படத்தில், அவள் பக்கத்தில் இடமில்லை என்று கணினி மறுத்துவிட்டது. அழிக்கக்கூடியதை எல்லாம் எப்போதோ அழித்தாகிவிட்டது. மாலைக்குள் படம் போகாவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும். கணினி பழுது பார்க்கும் கொழுந்தனை அழைத்தாள்.

அவன் வந்து முதலில் அவள் கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்தான். பிறகு பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, அவள் பக்கத்துக்கு இடம் கிடைக்க விண்டோஸ் பகுதியைச் சுருக்கப் பார்த்தான். அது அசையவில்லை.

"அண்ணி, அண்ணன் இதை ஷட்டவுனே பண்ணல. தூங்க வெச்சிட்டுப் போயிருக்கான்."

"அவரு எதைத்தான் ஒழுங்கா மூடினாரு? பேஸ்ட்டுக்கு மூடின்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"இப்படியே சுருக்கினா அந்தப் பக்கம் மொத்தமும் நாசமாயிடும். எழுப்பி, எல்லாத்தையும் மூடிட்டு, முழுசா ஷட்டவுன் பண்ணணும்."

"எழுப்பினா?"

"அவன் விட்ட எடத்துலயே நிக்கும்." விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "பாக்க வேணாம்னா சொல்லுங்க அண்ணி. திறக்காமலே அந்தத் தூக்கத்த அழிச்சிடலாம்."

"வேணாம். திற."

கடவுச்சொல்லை அவளே அடித்தாள். பாதி ஆடிய சீட்டாட்டம் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கடையின் பக்கம், வரிசையாக வாஷிங் மெஷின்கள். தேடும் பெட்டியில் அவர் அடித்திருந்தது அப்படியே இருந்தது: 'சத்தம் இல்லாத மெஷின்'.

வேலை நேரத்தில் பக்கத்து அறையில் அந்தப் பழைய மெஷின் கடகடவென்று ஓடும்போதெல்லாம் அவரைத்தான் திட்டுவாள். ஒரு நாளும் அவர் வாய் திறந்து பதில் சொன்னதில்லை.

கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "நான் மூடட்டுமா அண்ணி?"

"நானே மூடறேன்."

கடைப் பக்கத்தை மூடினாள். சீட்டாட்டத்தில் கறுப்பு எட்டின் மேல் ஏறுவதற்கு ஒரு சிவப்பு ஏழு தயாராக இருந்தது. அதை எடுத்து வைத்தாள். பிறகு அதையும் மூடி, கணினியை நிறுத்தினாள்.

அவன் மறுபடி பென்டிரைவிலிருந்து கிளப்பினான்; இந்த முறை விண்டோஸ் பகுதி முரண்டு பிடிக்கவில்லை. திரையில் நீளமான பட்டை ஒன்று. நடுவே இரு பக்கத்துக்குமான எல்லைக்கோடு.

"அண்ணன் பக்கம் பெரும்பாலும் காலிதான். எவ்வளவு எடுக்கட்டும்?"

"இந்தப் படம் முடியற அளவு எடு."

"என்ன அண்ணி, அடுத்த படத்துக்கே மறுபடி முட்டிக்குமே!"

"முட்டட்டும். அப்ப மறுபடி அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கறேன்."

அவன் கோட்டை விரல் அகலத்துக்கு மட்டும் நகர்த்தினான்.