பூட்டிய கதவைப் பற்றிப் பேசிய தவமணி அக்கா

காலையில் வேலைக்குப் போகக் காரிலிருந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது தவமணி அக்காவின் தங்கை அழைத்தார். "தம்பி, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா," என்றார்.

கனடாவில், மொன்றியலின் கர்க்லாண்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் அக்கா பராமரிப்பாளர், நான் சமையலறையில். அதற்கு முன் அயர்லாந்தில் கில்டாரன் என்ற சிறிய ஆற்றங்கரை நகரில், இதே வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவர். கணவர் இறந்த பிறகே இங்கே அருகில் பியர்பொன்ட்ஸிலுள்ள தங்கையிடம் வந்தார். யாராவது ஊரைக் கேட்டால், "பிறந்தது சாவகச்சேரி, ஊர் கில்டாரன்," என்பார்.

மொன்றியலில் குடியேறிய கில்டாரன்காரர்கள் மாதம் ஒருமுறை ஒரு தேவாலய மண்டபத்தில் கூடி, தங்கள் நகரின் வரலாற்றை நூலாக்கி வந்தார்கள். அக்காவை நான்தான் காரில் கூட்டிப் போவேன். ஒரு கூட்டத்தில், அந்நகரின் பழைய நூற்பாலையில் நடந்த தீவிபத்தை ஒரே வரியில் வாசித்து முடித்தார்கள். அக்கா எழுந்தார். வெளிக்கதவு பூட்டியிருந்ததால்தான் ஐந்து பெண்கள் கருகி இறந்தார்கள் என்றார். அன்று உயிர் தப்பிய பிரைடியை முதுமையில் பராமரித்தவர் அவர். பிரைடியே அவரிடம் சொன்னது அது.

தலைவர் பட்ரிக்கின் முகம் சிவந்தது. அந்த ஆலை அவருடைய தாத்தாவினது. "வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்ட வதந்தியை நாங்கள் அச்சிட முடியாது," என்றார்.

திரும்பும் வழியில், "விடுங்கோ அக்கா, அவை கேக்க மாட்டினம்," என்றேன்.

"ஏன் விடுறது? தண்ணி வார்த்துக் குளிப்பாட்டேக்கை பிரைடி என்ர கையைப் பிடிச்சு அழுதழுது சொன்னவ. நான் பேசாமல் இருந்தால் அந்தப் பிள்ளையளுக்கு வேற ஆர் இருக்கினம்?"

அடுத்த மாதம் எனக்கு வேலை. அக்கா பனியில் பஸ் மாறி மாறித் தனியே போனார். அதற்கடுத்த மாதமும் போனார். இதற்கிடையில் கில்டாரனில் பழகியவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, பிரைடியின் தம்பியைத் தேடிப் பிடித்தார். ஒருநாள் கைபேசியை மண்டபத்து மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"கதவு வெளியே பூட்டியிருந்தது. என் அப்பாதான் உடைத்தார். என் அக்கா பிரைடி மட்டுமே உயிரோடு வந்தாள்," என்றது ஒரு முதியவரின் நடுங்கும் குரல்.

பட்ரிக் கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். பிறகு, "இறந்த பெண்களின் பெயர்கள் தெரியுமா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஐந்து பெயர்களையும் நிதானமாகச் சொன்னார். அவை இப்போது அந்த நூலில் இருக்கின்றன. பூட்டிய கதவும் இருக்கிறது.

இறுதிச் சடங்கில் தேவாரம் முடிந்து பெட்டியை வெளியே எடுத்தபோது, கில்டாரன்காரர்கள் வாசலின் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். "எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வழக்கம்," என்றார் பட்ரிக். தொப்பியைக் கழற்றியிருந்தார், நரைத்த தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவே அக்காவைச் சுமந்துகொண்டு நடந்தோம்.

போயிட்டு வாங்கோ, அக்கா.