செல்வராணியும் உதறுகிற காடியும்

சிங்கப்பூருக்கு வடக்கே இருக்கிற யோங் பெங்கில், செல்வராணியின் வர்க்ஷாப்புக்குக் காடியைக் கொண்டுபோகிறவர்களுக்கு, ஏற்கெனவே போய்ப் பட்டவர்கள் ஒரு புத்திமதி சொல்லி அனுப்புவார்கள். “அவங்க கேட்டா மட்டும் பதில் சொல்லு. நீயா காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லாத. அப்புறம் உன்பாடு.” காரை அங்கே எல்லாரும் காடி என்றுதான் சொல்வார்கள். கியர்பாக்ஸ் வேலையில் அவளுக்குப் பெரிய பெயர் உண்டு. கோபத்தில் அதைவிடப் பெரிய பெயர். மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். இவளுக்கு மூக்கே கோபத்தால் செய்தது.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா டிராக்டர் ஓட்டினார். எந்தக் காலத்திலோ தேய்ந்துபோன கியர் பல் ஒருநாள் உடைந்தது. பழி அப்பா தலையில் விழுந்தது. அவர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கய்யா” என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு! பக்கத்தில் நின்று அதைப் பார்த்த செல்வராணிக்கு அன்றைக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை.

பெரியவளானதும் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய், கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்க்கிற பட்டறையில் தொழில் கற்றாள். திரும்பி வந்து சொந்தமாகப் பலகை மாட்டினாள். அம்மா போன பிறகு தம்பி ஜெயபாலனை வளர்த்ததும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் அவனை எவனாவது அடித்தால், இவன் அழுது முடிப்பதற்குள் அவள் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

அந்தத் தம்பி இப்போது பெர்மாஸ் ஜெயாவில் கமலநாதன் என்பவருடைய வர்க்ஷாப்பில் போமேன், அதாவது காடி பழுது பார்க்கிறவன். ஒரு காலையில் அவன் மனைவி கஸ்தூரி போன் செய்தாள்.

“அண்ணி, இந்த வாரத்தோட வேலைக்கு வர வேணாம்னு பாஸ் இவர்கிட்ட சொல்லிட்டாராம். குமரப்பன் சாரோட ஸ்போர்ட்ஸ் காடி ஓடறப்ப உதறுதாம். இவரு தப்பான எண்ணெய ஊத்தி கியர்பாக்ஸைக் கெடுத்துட்டாருன்னு சொல்றாங்க.”

“ஊத்தினானா?”

“இல்லைங்கறாரு. ஆனா அவங்ககிட்ட சாரி சொல்லிட்டு வந்துட்டாரு அண்ணி.”

செல்வராணி போனை வைத்தாள். அப்பன் புத்தி பிள்ளைக்கு அப்படியே வந்திருக்கிறது! உதைத்தவன் காலைத் தடவிக் கொடுக்கிற புத்தி! வர்க்ஷாப்பை அப்படியே பூட்டிவிட்டு வேனை எடுத்தாள். ஹைவே நெடுக நின்ற செம்பனை மரங்களுக்குக் காது இருந்திருந்தால், அவள் திட்டிய திட்டில் குலை தள்ளுவதையே நிறுத்தியிருக்கும்.

பெர்மாஸ் ஜெயாவில் அவள் இறங்கியபோது, அன்றைய வேலைக்கு வந்திருந்த ஜெயபாலனோடு குமரப்பனும் அங்கே இருந்தார். செட்டிநாட்டு வழி வந்த வியாபாரக் குடும்பத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அவருடைய சிவப்பு ஜப்பான் காடி, இரண்டே கதவு உள்ள பழைய ஆட்டோ கியர் ஸ்போர்ட்ஸ் ரகம், ஓரமாகப் பளபளவென்று நின்றது. கமலநாதன் அவளைக் கண்டதுமே, “அக்கா, தப்பு நடந்து போச்சு, விடுங்கலா” என்று அந்த ஊர் ‘லா’ போட்டு ஆரம்பித்தார்.

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

“இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? கடைசியா இந்தக் காடியில கை வச்சது ஜெயபாலன்தான்.”

“அப்ப வாயை மூடுங்க. நான் பாக்கறேன்.”

குமரப்பன் மறுப்புச் சொல்லவில்லை. அவரே ஓட்டினார். செல்வராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பொம்மைக்கு வைத்த மாதிரி இருந்த சீட்டில் ஜெயபாலன் முழங்கால் முகவாயில் இடிக்க ஒடுங்கிக்கொண்டான். பாசிர் கூடாங் சாலையில் ஏறி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போகும்போது காடி உதற ஆரம்பித்தது. சாலையோர மேட்டுக் கோடுகளின்மேல் சக்கரம் ஏறினாற்போல ஒரு உதறல். உடனே ஒரு சின்னப் பாய்ச்சல், பிறகு ஒரு தயக்கம், மறுபடி பாய்ச்சல். குமரப்பனின் கால் அசையவே இல்லை.

“சார், இப்படியே போங்க. இடது காலால பிரேக்கைச் சும்மா தொட்டு எடுங்க. அமுக்காதீங்க.”

அவர் தொட்டார். உதறல் சட்டென்று நின்றது. காலை எடுத்தார். மறுபடி வந்தது.

“எஞ்சின்ல ஒண்ணுமில்ல, டயர்லயும் ஒண்ணுமில்ல” என்றாள் செல்வராணி. “எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஒரு கிளட்ச். சீரா போறப்ப அது இறுக்கிப் பிடிச்சுக்கணும். பிரேக்கைத் தொட்டா விட்டுடும். இது பிடிக்கவா விடவான்னு வழுக்குது. அதான் உதறுது.”

“எண்ணெய் மாறினதாலயா?” என்று குமரப்பன் கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

வர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் கமலநாதனும் குமரப்பனும் கண்ணாடி போட்ட ஆபீஸ் அறைக்குள் போனார்கள். அக்காவும் தம்பியும் காடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஜெயபாலன் ஊற்றிய எண்ணெயின் காலிப் புட்டி இன்னும் அலமாரியில் இருந்தது. சரியான எண்ணெய்தான். செல்வராணி கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். தெளிவான சிவப்பாக இருக்க வேண்டியது, பால் கலந்த ரோஸ் சிரப் போலக் கலங்கியிருந்தது. ஒரு தகர மூடியைச் சூடாக்கி அதில் ஒரு சொட்டு விட்டாள். கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று வெடித்தது. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது.

ரேடியேட்டர் வழியாக இறங்கியிருக்குமோ என்று அதையும் திறந்தாள். உள்ளே தண்ணீர் குறையவில்லை, எண்ணெயும் மிதக்கவில்லை. அப்படியானால் மேலேயிருந்துதான் போயிருக்க வேண்டும். விளக்கைப் பிடித்துக்கொண்டு, அளவுக் கம்பி இறங்கும் குழாயின் வாய்க்குள் குனிந்து பார்த்தாள். உள்விளிம்பில் மஞ்சள் கறை. துணியால் துடைத்தாள், போகவில்லை. மஞ்சள் எங்கே போகும்? எஞ்சின் மேலே சந்தனப் பொட்டும் குங்குமமும்கூடக் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தன.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ஆயுத பூசை அன்னிக்கு இந்தக் காடி இங்கதான் நின்னுச்சா?”

“ஆமாக்கா. சர்வீஸும் பூசையும் ஒண்ணா முடிச்சிருங்கன்னு சார் விட்டுட்டுப் போனாரு. நான் அளவு பாக்கறதுக்குக் கம்பிய உருவி வச்சிருந்தேன். பாஸ் ஒவ்வொரு காடியா மாவிலையால மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டே வந்தாரு. இதுகிட்ட வந்ததும் என்ன நெனச்சாரோ, சொம்போட எஞ்சின் மேல சாய்ச்சிட்டாரு. கண்ண மூடிக் கும்பிட்டுட்டு நிக்கிறாரு. பூசை நடக்கறப்ப எப்படிக்கா நிறுத்துன்னு சொல்றது?”

“அப்புறமாவது சொல்லித் தொலைச்சியா?”

“சொன்னேன். எண்ணெய எல்லாம் எறக்கி மாத்திரலாம் பாஸ்னு சொன்னேன். சாமி தண்ணிடா, ஒண்ணும் ஆவாதுன்னாரு. சாயந்திரமே சார் வந்து காடிய எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“தெரிஞ்சிருந்துமா அந்த ஆளு உம்மேல பழி போட்டான்? நீயும் வாங்கிக்கிட்டு சாரி சொன்னியா?”

செல்வராணிக்குக் கோபம் தலைக்கேறியது. சாமி பெயரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றுவானாம், தப்பை மட்டும் கூலிக்காரன் தலையில் ஊற்றுவானாம்! அளவுக் கம்பியைக் கையில் பிடித்தபடியே ஆபீஸைப் பார்த்து நடந்தாள். அன்றைக்குக் கமலநாதன் அந்தக் கம்பியாலேயே வாங்கியிருப்பார். சந்தேகமே வேண்டாம்.

ஜெயபாலன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

“தள்ளுடா.”

“மாட்டேன்.”

“உனக்காகத்தானடா போறேன்!”

“அதான்கா வேணாங்கறேன்!” அவன் கத்தினான். வர்க்ஷாப்பே திரும்பிப் பார்த்தது. “எல்லாத்துக்கும் நீ முன்னால போய் நிக்கிற. எனக்காக நீயே கோவப்பட்டுக் கோவப்பட்டு, எனக்குக் கோவமே வராமப் போச்சு. சாரின்னு ஒரு வார்த்தைதான் என் வாயில வருது. நான் என்ன இன்னும் பள்ளிக்கூடத்துப் புள்ளையா?”

அவளைப் பார்த்து அவன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கம்பியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவனே ஆபீஸுக்குள் போனான்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, எல்லாம் கேட்டது. ஆரம்பத்தில் அவன் குரல் தடுமாறியது. “பாஸ், சாரின்னு சொன்னது... அது தப்பு. நான் எதுவும் செய்யல.” கமலநாதன் ஏதோ அதட்டினார். அதற்குமேல் இவன் குரல் ஏறியது. “மஞ்சத்தண்ணிய ஊத்தினது நீங்க. மாத்திரலாம்னு சொன்னது நான். வேணாம்னதும் நீங்க. வேலைய விட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா கெடுத்தது நான்னு சொல்லாதீங்க!”

வெளியே செல்வராணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே போய் இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுக்கலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கோபத்தைக் காட்டுவதைவிட அடக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே குமரப்பன் கேட்டார். “கமலநாதன், இவரு சொல்றது நிஜமா?” கமலநாதன் தலை குனிவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. “பூசை போடச் சொன்னது நானும்தான். அதுக்கு நான் வருத்தப்படல. ஆனா தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தர் மேல பழி போட்டீங்களே, அது எப்படி? சரி, கியர்பாக்ஸை இவரே எறக்கிச் செய்யட்டும். இவரு இங்க இல்லைன்னா என் காடியும் இங்க இல்ல.”

ஜெயபாலன் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. நேராகப் போய்க் காடியை லிஃப்டில் ஏற்றினான். பின்னாலேயே வந்த கமலநாதன், யார் முகத்தையும் பார்க்காமல், எண்ணெய் பிடிக்கிற தட்டை இழுத்துவந்து அடியில் வைத்தார்.

செல்வராணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்டே போனாள். “கன்வெர்ட்டரையும் கழட்டணும். இந்த ரகம் உனக்குப் பழக்கமில்ல. நான் இருந்து பிரிச்சுத் தரேன்.”

“வேணாம்கா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. “எனக்குச் சந்தேகம் வந்தா போன் பண்றேன். நீ வீட்டுக்குப் போ.”

அவள் வேனில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள். நெஞ்சு நிறையக் கோபம் இருந்தது. கமலநாதன் மேல் காட்டலாம் என்றால் அந்தக் கணக்கைத் தம்பி முடித்துவிட்டான். குமரப்பன் மேல் காட்ட ஒன்றுமில்லை. தம்பி மேல் காட்ட மனம் வரவில்லை. அவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், யோங் பெங் வரைக்கும் வாயைத் திறக்காமல் ஓட்டிக்கொண்டு போனாள்.