சேற்றுக் குளியல்

அவளுக்கு அருவருப்பு அவ்வளவு லேசில் வராது. பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை பார்த்தவள். வாந்தி, சீழ், மலம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள். மூக்கு மட்டும் பொல்லாத மூக்கு. எந்தக் கட்டிலில் யாருக்குப் புண் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். நர்சுகள் வைத்த மூக்கம்மா என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முட்டி தேய்ந்து வார்டுப் படிகளை ஏற முடியாமல் போன பிறகு, கடலோரச் சொகுசுக் குடில்களில் வேலைக்குச் சேர்ந்தாள். வயல்கள் முடிந்து மணல்மேடு தொடங்கும் இடத்தில் எட்டுக் குடில்கள். வெளியே புல் கூரை, மண் சுவர். உள்ளே முழங்கை புதையும் மெத்தை, செம்புக் குளியல் தொட்டி, ஏசி. இதற்கு கிளாம்பிங் என்று பெயராம்.

"ஏழை வீடு மாதிரி இருக்கணும், ஆனா கொசு கடிக்கக் கூடாது. அவ்வளவுதாங்க விஷயம்" என்று புருஷனிடம் சொன்னாள்.

சுத்தமான காற்றைத் தேடி வருகிறவர்கள் விட்டுப்போவதை அவள்தான் அள்ளினாள். டீக் கோப்பைக்குள் வெட்டிய நகம். குளியல் தொட்டியில் கறி எலும்பு. மெத்தைக்கு அடியில் செருகிய குழந்தையின் டயபர், மூன்று நாள் ஊறியது. நோயாளி செய்தால் அது நோய். இவர்களுக்கு என்ன கேடு என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மூட்டை கட்டுவாள்.

முதலாளி இளவயதுக்காரர். செருப்புப் போடமாட்டார். எல்லோரையும் அக்கா, அண்ணா என்று தேன் சொட்டச் சொட்டக் கூப்பிடுவார். அவர் பெருமையாகக் காட்டுவது எட்டாவது குடிலுக்குப் பின்னால் இருந்த குட்டையைத்தான். ஓர் அறை அகலம், முழங்கால் ஆழம், சுற்றிலும் நாணல். 'மூலிகைச் சேற்றுக் குளியல்' என்று மரப்பலகை. கரை முழுக்க வாசனைத் தைல விளக்குகள். விருந்தாளிகள் அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளி முகத்திலும் முதுகிலும் பூசிக்கொண்டு, எருமை மாதிரி சுகமாகப் படுத்துக் கிடப்பார்கள்.

மூக்கம்மாவின் புருஷன் கழிவுநீர் லாரி டிரைவர். வீடு வீடாகப் போய்த் தொட்டியை உறிஞ்சி, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிற வேலை. ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்க இடத்துலேருந்து கூப்பிட்டு நாலு மாசம் ஆச்சு. வேற லாரி வெச்சுக்கிட்டாங்களா?"

"எந்த லாரியும் வரலையே."

"அதெப்படி? எட்டுக் குடிலு, தினம் இருபது பேரு. தொட்டி எப்பவோ வழிஞ்சிருக்கணுமே."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடற்காற்றில் தைல விளக்குகள் அணைந்து போயிருந்தன. துண்டுகளைச் சுமந்துகொண்டு குட்டைப் பக்கம் போனவளை அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. சேற்று வாடையா இது? நாணலை விலக்கினாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் குழாய் வாயைப் பிளந்துகொண்டு குட்டையைப் பார்த்திருந்தது. விளிம்பில் கிழிந்த டாய்லெட் பேப்பர். பத்தொன்பது வருடத்தில் வராத வாந்தி அன்றைக்கு வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்க்கரையில் ஐந்தாவது குடில் அம்மா தன் சின்ன மகளின் கன்னத்தில் சேற்றைப் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் செல்போன்.

"அம்மா, வேணாம்! குழந்தைக்குப் பூசாதீங்க. அது கக்கூஸ் தண்ணி!"

"என்ன உளர்றீங்க? எவ்வளவு பேரு நெட்ல நல்லா எழுதியிருக்காங்க தெரியுமா?" என்று அந்தம்மா முகத்தைச் சுளித்தாள். சேற்றைப் பார்த்துச் சுளிக்கவில்லை, மூக்கம்மாவைப் பார்த்துச் சுளித்தாள். அடுத்த பத்தாவது நிமிடம் முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, விருந்தாளிங்களைப் பயமுறுத்தலாமா?"

"சார், குழாயை என் கண்ணால பார்த்தேன்."

அவர் பதறவில்லை. சிரித்தார். "மண்ணு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்க்கா. அதான் இயற்கை. அதுவும் நீங்க இதிலேயே பழகினவங்க. உங்களுக்கென்ன திடீர்னு அருவருப்பு?"

அந்தச் சிரிப்பு அவள் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். புருஷனுக்குப் போன் போட்டாள்.

"லாரி காலியா இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

சொன்னாள். அவர் தயங்கினார். "கூப்பிடாத இடத்துக்குப் போனா என் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க."

"சின்னக் குழந்தைங்க. வாயிலயும் கண்ணுலயும் அப்பிட்டுக் கிடக்கு."

"சரி, வரேன்."

பதினொரு மணிக்கு லாரி வந்தது. முன்பு வழக்கமாக வந்த வண்டிதானே என்று காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அது நேரே குட்டைக்குப் போய் நின்றது. குட்டையில் படுத்திருந்த ஆறேழு பேரும் அலறிக்கொண்டு கரையேறினார்கள். புருஷன் தடித்த குழாயை உள்ளே இறக்கி மோட்டாரைப் போட்டார். முதலாளியும் மற்றக் குடில்காரர்களும் ஓடி வருவதற்குள் தண்ணீர் பாதி இறங்கிவிட்டது. அடியில் இருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது: கொத்துக்கொத்தாக முடி, பல் குத்திய குச்சி, ஊறிப்போன நாப்கின், இன்னும் எழுதக் கூசுகிற பலதும். நாணலுக்குள் இருந்த சாம்பல் குழாயும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"அது மழைத்தண்ணிக் குழாய்!" என்று முதலாளி கத்தினார். தேன் எல்லாம் வற்றிப்போன குரல். "யாரும் நம்பாதீங்க! வெறும் மழைத்தண்ணி!"

இந்த அமளி எதுவும் தெரியாமல் நாலாவது குடிலின் கக்கூஸில் யாரோ தண்ணீரை இழுத்து விட்டார்கள். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சாம்பல் குழாய் ஒருமுறை குமுறியது. பிறகு, நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளதைக் கக்கியது.

முகத்தில் காய்ந்த சேற்றோடு நின்ற ஒரு பெரியவர் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிறாண்ட ஆரம்பித்தார். ஐந்தாவது குடில் அம்மா பூச்செடிமேலேயே வாந்தி எடுத்தாள். மூக்கம்மா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், குடிதண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கண், காது, நகக்கண் என்று ஒன்றுவிடாமல் கழுவினாள். "ஏன் ஆன்ட்டி அழறீங்க?" என்று குழந்தை கேட்டது. சோப்பு பட்டுவிட்டது என்றாள்.

சுகாதார அதிகாரிகள் வந்து இடத்தைப் பூட்டினார்கள். கூப்பிடாத இடத்துக்குப் போனதற்காகப் புருஷனை அவர் ஆபீஸில் இரண்டு வாரம் வீட்டில் உட்காரவைத்தார்கள். ஐந்தாவது குடில் அம்மா போட்ட வீடியோவை ஊரே பார்த்தது. அதில் அவள் தானே சந்தேகப்பட்டு, தானே கண்டுபிடித்ததாகச் சொன்னாள். துண்டு சுமந்து வந்த ஒருத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. மூக்கம்மா அதைப் பாதியிலேயே நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்து மாதத்தில் வேறு பெயர், வேறு வர்ணம் என்று இடம் மறுபடி திறந்தது. குட்டையைத் தூர்த்துப் புல்தரை போட்டார்கள். முதலாளி ஒருநாள் போன் செய்தார். "அக்கா, உங்களை மாதிரி சுத்தமா வேலை செய்ய ஆள் கிடைக்கல. நடந்ததை மறந்துட்டு வாங்களேன்."

"வேணாம் சார்" என்று வைத்துவிட்டாள். இப்போது பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. தரைத்தளம், படி இல்லை. எச்சிலும் ரத்தமும்தான். அது பரவாயில்லை என்கிறாள்.